தடுக்கத் தடுக்கப் பெருகும் நொதி: ஸ்டாட்டின் மாத்திரை செல்லுக்குள் என்ன செய்கிறது?

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் சில கேள்விகள் எழுவது வழக்கம். மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கியும் எல்.டி.எல். (ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்) ஏன் கொஞ்சம்தான் இறங்கியது? முட்டையின் மஞ்சள் கருவை விட்டு மாதக்கணக்காகியும் எண் ஏன் அசையவில்லை? இரவில்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு மருத்துவரும், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இன்னொருவரும் சொல்வது ஏன்? இவற்றுக்கு நடுவே ஒரு வாதமும் சுற்றிவருகிறது: ஸ்டாட்டின் எந்த நொதியைத் தடுக்கிறதோ அதே நொதியைச் செல் பல மடங்கு கூடுதலாக உற்பத்தி செய்துவிடும், எனவே மருந்தால் பயனில்லை.

அந்த வாதத்தின் முதல் பாதி உண்மை. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது. முடிவுதான் தவறு. நொதியைப் பெருக்கும் அதே எதிர்வினைதான் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கவும் செய்கிறது. இது எப்படி என்று புரிய, ஒரு செல் தன் நொதிகளின் அளவையும் செயல்பாட்டையும் எப்படி ஆள்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவு, செயல்பாடு: இரண்டு வேறு கணக்குகள்

நொதிகள் செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்துபவை. பெரும்பாலும் புரதங்கள். எந்தப் பொருளின் மேல் நொதி வேலை செய்கிறதோ அது தளப்பொருள். வேலை முடிந்து வெளிவருவது விளைபொருள். தளப்பொருள் போதிய அளவு இருக்கும்போது விளைபொருள் எவ்வளவு வேகமாகச் சேரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன.

1. செல்லில் அந்த நொதியின் மூலக்கூறுகள் எத்தனை இருக்கின்றன. இது நொதியின் அளவு.

2. இருக்கும் மூலக்கூறுகளில் எத்தனை வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. இது நொதியின் செயல்பாடு.

அளவை மாற்றுவது மெதுவான வேலை. மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்பட வேண்டும், ரைபோசோமில் அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட வேண்டும். இதற்கு மணிக்கணக்கு ஆகும், ஆற்றலும் நிறையச் செலவாகும். பலரும் மறந்துவிடும் ஒன்றும் இதில் இருக்கிறது. உற்பத்தியை நிறுத்தினால் மட்டும் நொதியின் அளவு குறைந்துவிடாது. ஏற்கெனவே உள்ளதை உடைக்கவும் வேண்டும். உற்பத்திக்கும் உடைப்புக்கும் இடையிலான இருப்புக் கணக்குதான் அளவு.

செயல்பாட்டை நொடிகளில் மாற்றலாம். ஒரு சிறு மூலக்கூறு நொதியின் ஓரத்தில் வந்து ஒட்டி அதன் வடிவத்தைச் சற்றே திருப்பினால் போதும். 1956-இல் எட்வின் அம்பார்கர் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியப் பாதையை ஆராய்ந்தபோது, கடைசியில் கிடைக்கும் ஐசோலூசினே முதல் நொதியை நிறுத்துவதைக் கண்டார். விளைபொருள் தானே பின்னால் சென்று தொடக்கத்தை நிறுத்தும் இந்த ஏற்பாடு பின்னூட்டத் தடுப்பு எனப்படுகிறது. இன்னொரு வழி, நொதியின் குறிப்பிட்ட இடத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுவதும் எடுப்பதும். கிளைக்கோஜனை உடைக்கும் நொதியில் இதை 1950-களில் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992-இல் நோபல் பரிசு பெற்றனர். கணையம் டிரிப்சினை வெட்டப்படாத, செயலற்ற வடிவில் அனுப்பி, சிறுகுடலில் வெட்டி உயிர்ப்பிப்பது மூன்றாவது வழி. நம் கதைக்கு அது தேவைப்படாது.

சில நொதிகளுக்கு இவற்றில் ஒன்றிரண்டு கட்டுப்பாடு போதும். ஸ்டாட்டின் தடுக்கும் நொதிக்கு மட்டும் செல் ஏறக்குறைய எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறது.

இந்த ஒரு நொதிமேல் ஏன் இத்தனை காவல்?

நொதியின் பெயர் எச்.எம்.ஜி.-கோ.ஏ. ரிடக்டேஸ். இனி ரிடக்டேஸ் என்றே சொல்வோம். மனித ரிடக்டேஸ் 888 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்ற சவ்வு மடிப்புகள் உண்டு; ரிடக்டேஸின் முன்பாதி அந்தச் சவ்வை எட்டு முறை குறுக்கே தைத்தபடி பதிந்திருக்கிறது. வேலை செய்யும் பின்பாதி செல்சாறுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சவ்வில் பதிந்த பாதிக்கு வினையில் நேரடிப் பங்கு எதுவும் இல்லை. அது எதற்கு என்பது சற்றுப் பின்னால் தெரியும்.

கொலஸ்ட்ரால் மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள். அவை அனைத்தும் அசிட்டேட் என்ற இரண்டு கார்பன் துண்டிலிருந்து வந்தவை. இந்த நீண்ட பாதையை வெளிக்கொணர்ந்ததற்காகக் கொன்ராட் பிளாக்கும் ஃபியோடோர் லைனனும் 1964-இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 30 படிகள் உள்ள அந்தப் பாதையின் தொடக்கத்தில், எச்.எம்.ஜி.-கோ.ஏ.வை மெவலோனேட்டாக மாற்றும் படியை ரிடக்டேஸ் நடத்துகிறது. பாதையின் ஒட்டுமொத்த வேகத்தைப் பெரும்பாலும் இந்தப் படிதான் தீர்மானிக்கிறது.

காவலுக்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

1. மனித செல்லால் கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பை எரித்து ஆற்றலாக்க முடியாது. சர்க்கரையோ சாதாரணக் கொழுப்போ மிகுந்துவிட்டால் எரித்துத் தீர்க்கலாம். கொலஸ்ட்ராலைப் பெருமளவில் வெளியேற்றக் கல்லீரலின் வழியாகப் பித்தத்தில் கலப்பதே வழி. செய்த பிறகு வருந்திப் பயனில்லாத பொருள் என்பதால், செய்யும் இடத்திலேயே கண்காணிப்பு வேண்டியிருக்கிறது.

2. குறைந்தாலும் ஆபத்து. செல் சவ்வின் இறுக்கம், கல்லீரலில் பித்த அமிலங்கள், சுரப்பிகளில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாம் இதை நம்பியிருக்கின்றன.

3. மெவலோனேட்டிலிருந்து கொலஸ்ட்ரால் மட்டும் வருவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான யுபிக்வினோன், புரதங்களில் சர்க்கரை கோக்க உதவும் டோலிக்கால், சில புரதங்களைச் சவ்வில் ஒட்டவைக்கும் வால் போன்ற துண்டுகள் ஆகியவையும் அதே பாதையின் கிளைகள். கொலஸ்ட்ரால் போதும் என்பதற்காகப் பாதையை அடியோடு மூடிவிட முடியாது.

இந்த மூன்றாவது காரணம் முக்கியமானது. ஒரே விளைபொருளுக்கு மட்டும் கட்டுப்படும் சுவிட்ச் இங்கே போதாது என்பதை இது காட்டுகிறது.

நான்கு நிலைகளில் கட்டுப்பாடு

*1. மரபணுவை இயக்குவதும் நிறுத்துவதும்*

எண்டோபிளாச வலையில் எஸ்.ஆர்.இ.பி.பி.-2 என்ற புரதம் சவ்வோடு கட்டுண்டு கிடக்கிறது. அதன் ஒரு துண்டு உட்கருவுக்குள் போனால் கொலஸ்ட்ரால் தயாரிப்புக்கான மரபணுக்கள் எல்லாம் இயங்கத் தொடங்கும். போக வேண்டுமானால் அது முதலில் கோல்கை உறுப்புக்குச் செல்ல வேண்டும். அங்கே இரண்டு புரதக் கத்தரிகள் அடுத்தடுத்து அதை வெட்டி விடுவிக்கும். அங்கே அழைத்துச் செல்லும் துணைப் புரதத்தின் பெயர் ஸ்கேப்.

ஸ்கேப் கொலஸ்ட்ராலை உணரக்கூடியது. சவ்வில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருந்தால், ஸ்கேப் அதைப் பற்றிக்கொண்டு வடிவம் மாறி, இன்சிக் என்ற நங்கூரப் புரதத்தோடு ஒட்டி அங்கேயே நின்றுவிடும். கொலஸ்ட்ரால் குறைந்தால் நங்கூரம் விடுபடும், பயணம் தொடங்கும். எல்லைக்கோடு எங்கே என்றும் அளந்திருக்கிறார்கள். எண்டோபிளாச வலைச் சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் கொலஸ்ட்ராலின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தாண்டினால் பயணம் நின்றுவிடுகிறது. அந்த எல்லையில் மாற்றம் திடீரென்று நிகழ்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்.ஆர்.இ.பி.பி.-2 இயக்கும் பல மரபணுக்களில் ரிடக்டேஸின் மரபணுவும் ஒன்று, அவ்வளவுதான். அதே துண்டு, ரத்தத்திலிருந்து எல்.டி.எல். துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவையும் இயக்குகிறது. கொலஸ்ட்ரால் தட்டுப்பாடு வந்தால், உள்ளே தயாரிப்பதும் வெளியிலிருந்து வாங்குவதும் ஒரே உத்தரவில் கூடுகின்றன. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் சாவி இந்த இணைப்புதான்.

*2. தூது ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம்*

மரபணுவிலிருந்து தூது வந்த பிறகும், அதை எவ்வளவு வேகமாகப் புரதமாக்குவது என்பதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கொலஸ்ட்ரால் அல்லாத மெவலோனேட் பொருள்களின் செல்வாக்கு இங்கே தெரிகிறது. நான்கில் நமக்கு மிகக் குறைவாகத் தெளிந்திருப்பது இதுதான்.

*3. இருக்கும் நொதியை உடைப்பது*

சவ்வில் பதிந்த அந்த முன்பாதியின் வேலை இங்கேதான். கொலஸ்ட்ரால் உருவாகும் வழியில் வரும் லானோஸ்டீரால் வகை இடைநிலைப் பொருள்களும், 25-ஹைட்ராக்சி கொலஸ்ட்ரால் போன்ற ஆக்சிஜன் ஏறிய வடிவங்களும் சவ்வில் சேர்ந்தால், ரிடக்டேஸின் சவ்வுப் பகுதி இன்சிக்கோடு ஒட்டிக்கொள்கிறது. ஸ்கேப்பை நிறுத்தி வைத்த அதே இன்சிக்தான். ஆனால் இம்முறை அது தன்னோடு ஒரு லைகேஸ் நொதியையும் வைத்திருக்கிறது. அந்த லைகேஸ் ரிடக்டேஸின்மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைக் கோத்துவிடுகிறது. யுபிக்விட்டின் ஏறிய புரதம் அழிக்கப்பட வேண்டியது என்று செல் எடுத்துக்கொள்ளும். ரிடக்டேஸ் சவ்விலிருந்து உருவப்பட்டு, புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ அமைப்புக்குள் போய்த் துண்டாகிறது. யுபிக்விட்டின் வழி அழிப்பைக் கண்டறிந்ததற்காக ஆரன் சிக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

விளைவு சாதாரணமானதல்ல. கொலஸ்ட்ரால் தட்டுப்பாட்டில் இருக்கும் செல்லில் ரிடக்டேஸின் அரை ஆயுள் 10 மணி நேரத்துக்கும் மேல். ஸ்டீரால்கள் (கொலஸ்ட்ராலும் அதன் இனப் பொருள்களும்) நிரம்பிய செல்லில் அது 1 மணி நேரத்துக்கும் குறைவாகச் சரிகிறது. அரை ஆயுள் என்றால் இருக்கும் மூலக்கூறுகளில் பாதி அழிய ஆகும் நேரம்.

ஸ்கேப்பை நிறுத்துவது கொலஸ்ட்ரால். ரிடக்டேஸை உடைக்கச் சொல்வது அதற்கு முந்தைய லானோஸ்டீரால் வகைப் பொருள். இந்த வேறுபாட்டில் நல்ல தர்க்கம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் சேர்ந்தால் கிடங்கு நிறைந்துவிட்டது என்று பொருள், எல்லா உற்பத்தியையும் குறைக்கலாம். இடைநிலைப் பொருள் தேங்கினால் பாதையின் நடுவே நெரிசல் என்று பொருள். ரிடக்டேஸை மட்டும் உடனே குறைத்தால் போதும்.

*4. பாஸ்பேட் ஒட்டி அடக்குவது*

மேலே சொன்ன மூன்றும் அளவைப் பற்றியவை. நான்காவது, செயல்பாட்டைப் பற்றியது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. குறைந்து, அது செலவானதைக் காட்டும் ஏ.எம்.பி. கூடினால் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. அது ரிடக்டேஸின் 872-ஆவது அமினோ அமிலமான செரினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்ட, நொதி முடங்குகிறது. பாஸ்பேட்டை நீக்கினால் மீண்டும் எழுகிறது. சாப்பிட்ட பிறகு சுரக்கும் இன்சுலின் எழுப்பும் திசையிலும், பட்டினியில் சுரக்கும் குளுக்ககான் முடக்கும் திசையிலும் வேலை செய்கின்றன.

காரணம் எளிது. ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறுக்கு ஆறு மெவலோனேட் வேண்டும். ஒவ்வொன்றையும் அடுத்த நிலைக்கு ஏற்ற மட்டும் மூன்று ஏ.டி.பி. செலவாகும். ஆற்றல் பஞ்சத்தில் இருக்கும் செல்லுக்கு அது கட்டுப்படியாகாது. இந்தக் கட்டுப்பாடு கொலஸ்ட்ரால் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. ஆற்றல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. வெவ்வேறு கேள்விகளுக்கு வெவ்வேறு கட்டுப்பாடுகள் பதில் சொல்வதால்தான் நான்கும் தேவைப்படுகின்றன.

நொதி பழுதில்லை, செய்தி வந்து சேரவில்லை

இவையெல்லாம் ஒரு நோயிலிருந்துதான் வெளிச்சத்துக்கு வந்தன. பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் நோயில், இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வந்துவிடும். 1973-இல் டெக்சாஸ் மாநிலம் டாலஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் அத்தகைய நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து ரிடக்டேஸ் செயல்பாட்டை அளந்தார்கள். இயல்பான செல்லைவிட 40 முதல் 60 மடங்கு அதிகம். இயல்பான செல் வளரும் திரவத்தில் எல்.டி.எல். சேர்த்தால் நொதி அடங்கியது. நோயாளியின் செல்லில் எவ்வளவு சேர்த்தும் அடங்கவில்லை.

ரிடக்டேஸ்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எல்.டி.எல். துகளுக்குப் பதிலாகக் கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து நேரடியாகச் சேர்த்தபோது நோயாளியின் செல்லிலும் நொதி அடங்கியது. நொதியில் பழுதில்லை. எல்.டி.எல். உள்ளே நுழைய வழியில்லாததால், கொலஸ்ட்ரால் போதும் என்ற செய்தி செல்லுக்குள் எட்டவே இல்லை. வெளியே ரத்தத்தில் வெள்ளமாக ஓடும் கொலஸ்ட்ரால் உள்ளே பஞ்சமாகவே உணரப்பட்டது. அடுத்த ஆண்டில் எல்.டி.எல். ஏற்பியை அவர்கள் அடையாளம் கண்டார்கள். 1985-இல் நோபல் பரிசு. இரு மரபணுக்களில் ஒன்று மட்டும் பழுதானவர்கள் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதால் இது அரிய நோயும் அல்ல.

ஸ்டாட்டின் உள்ளே வரும்போது

ரிடக்டேஸில் வினை நடக்கும் இடம் கிளர்வு மையம். அங்கே எச்.எம்.ஜி. உட்காரும் குழியில் ஸ்டாட்டினின் ஒரு பகுதி அச்சு அசலாகப் பொருந்துகிறது. தளப்பொருளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் நிரந்தரமாக ஒட்டிவிடுவதில்லை. இப்படி இடத்துக்குப் போட்டியிடும் மருந்து போட்டித் தடுப்பான் எனப்படுகிறது.

இதன் கதை டோக்கியோவில் சாங்கியோ நிறுவனத்தில் பணிபுரிந்த அகிரா எண்டோவிடம் தொடங்குகிறது. பூஞ்சைகள் தம் எதிரிகளின் கொலஸ்ட்ரால் பாதையைத் தடுக்கும் பொருளைச் சுரக்கக்கூடும் என்று எண்ணி, 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகளை அவர் குழு ஆராய்ந்தது. கியோட்டோவின் தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து எடுத்த பென்சிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில், 1973-இல் முதல் ஸ்டாட்டினான காம்பாக்டின் கிடைத்தது. சோதனைக் குழாயில் அது ரிடக்டேஸை அருமையாகத் தடுத்தது.

எலிகளுக்குக் கொடுத்தால் ரத்தக் கொலஸ்ட்ரால் குறையவில்லை. ஒரு மருந்தின் கதை வழக்கமாக இங்கே முடிந்துவிடும். எலிகளின் கல்லீரலில் ரிடக்டேஸ் பல மடங்கு பெருகித் தடுப்பை ஈடுகட்டியிருந்தது பின்னர் தெரிந்தது. எலியின் ரத்தத்தில் எல்.டி.எல். இயல்பாகவே மிகக் குறைவு, குறைக்க அதிகம் இருக்கவுமில்லை. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. நாய்களிலும் இறங்கியது. 1987-இல் இதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024 ஜூனில் 90 வயதில் காலமானார்.

எலிகளில் நடந்தது மனிதரிலும் நடக்கிறது. வளர்ப்பு செல்களில் காம்பாக்டினை வைத்தால், மேலே சொன்ன மூன்று அளவுக் கட்டுப்பாடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பெருகி ரிடக்டேஸ் புரதம் 200 மடங்கு வரை கூடுகிறது: மரபணு வேகமாக இயங்குகிறது, தூது வேகமாகப் புரதமாகிறது, புரதம் மெதுவாக அழிகிறது.

அப்படியானால் மருந்து எப்படி வேலை செய்கிறது? வீட்டு மேல்தொட்டியின் மிதவைக் குழாயை நினைத்துக்கொள்ளலாம். குழாயில் வரும் நீரைப் பாதி அடைத்தால் தொட்டி மட்டம் இறங்கும், மிதவை தாழும், அடைப்பிதழ் இன்னும் அகலமாகத் திறக்கும். மிதவைக்குத் தெரிந்தது மட்டம் மட்டுமே. செல்லுக்கும் அப்படித்தான். ரிடக்டேஸ் எத்தனை இருக்க வேண்டும் என்று எந்த இலக்கும் அதற்கில்லை. சவ்வில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதுதான் இலக்கு.

கல்லீரல் செல்லில் இதன்படி நடப்பது வருமாறு.

1. ஸ்டாட்டின் ரிடக்டேஸைத் தடுக்க, மெவலோனேட் குறைகிறது.
2. எண்டோபிளாச வலையில் கொலஸ்ட்ரால் எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது.
3. ஸ்கேப் விடுபட, எஸ்.ஆர்.இ.பி.பி.-2 துண்டு உட்கருவை அடைகிறது.
4. ரிடக்டேஸ் மரபணுவும் எல்.டி.எல். ஏற்பி மரபணுவும் சேர்ந்தே விரைகின்றன.
5. புதிய ரிடக்டேஸ் மூலக்கூறுகளில் பெரும்பகுதியை ஸ்டாட்டின் மறித்துக்கொள்கிறது. புதிய ஏற்பிகளை மறிக்க எதுவும் இல்லை.
6. கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் எண் இறங்குகிறது.

ஐந்தாவது படியில்தான் மருந்தின் வெற்றி இருக்கிறது. நொதி பெருகுவதைக் காட்டி மருந்து தோற்றது என்பவர்கள், அதே சுவிட்சில் ஏற்பியும் பெருகுவதைக் கணக்கில் எடுக்கவில்லை. உடல் எதிர்வினை ஆற்றாமல் சும்மா இருந்திருந்தால் ரத்தத்தில் எல்.டி.எல். இந்த அளவுக்கு இறங்கியிருக்காது. இதன் பலன் மருத்துவத்திலும் உறுதியானது: 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோயுள்ள 4,444 பேரில் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே மரணங்கள் 30 சதவீதம் குறைந்தன.

இதிலிருந்து பரிசோதனைச் சீட்டுக்கு

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு வரலாம்.

1. அளவை இரட்டித்தும் ஏன் கொஞ்சம்தான்? ஸ்டாட்டின் அளவை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் எல்.டி.எல். கூடுதலாக ஏறத்தாழ 6 சதவீதமே இறங்குகிறது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்.டி.எல்.லை 37 முதல் 39 சதவீதம் குறைத்தால், அதைப்போல எட்டு மடங்கான 80 மி.கி. குறைப்பது 50 முதல் 55 சதவீதம். கிளர்வு மையங்களில் பெரும்பாலானவற்றை முதல் அளவே பிடித்துவிடுகிறது. அதற்குமேல் தடுக்கத் தடுக்க நொதியும் பெருகுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. எல்.டி.எல். ஏற்பியை அழிக்க வழிசெய்யும் பி.சி.எஸ்.கே.-9 என்ற புரதத்தின் மரபணுவையும் எஸ்.ஆர்.இ.பி.பி.-2 இயக்குகிறது. ஏற்பியைப் பெருக்கும் உத்தரவிலேயே ஏற்பியைக் குறைக்கும் உத்தரவும் அடங்கியிருக்கிறது.

2. இரண்டாவது மருந்து ஏன்? மேலே சொன்னதன் நேரடி விளைவு. அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட வேறு இடத்தில் கை வைப்பது பலன் தரும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப், மிச்சமுள்ள எல்.டி.எல்.லில் மேலும் ஏறத்தாழ 20 சதவீதத்தைக் குறைக்கிறது. பி.சி.எஸ்.கே.-9-ஐ முடக்கும் ஊசிகள் ஸ்டாட்டினோடு சேரும்போது ஏறத்தாழ 60 சதவீதம் குறைக்கின்றன. ஸ்டாட்டின் உண்டாக்கிய ஏற்பிகளை இவை அழியவிடாமல் காப்பதால்தான் இந்தப் பாய்ச்சல்.

3. இரவா, எப்போது வேண்டுமானாலுமா? மனித உடலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பு நள்ளிரவை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது. சிம்வாஸ்டாட்டின் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால் அதை மாலையில் எடுக்கச் சொல்கிறார்கள். அட்டோர்வாஸ்டாட்டினின் அரை ஆயுள் ஏறத்தாழ 14 மணி நேரம், ரோசுவாஸ்டாட்டினுடையது ஏறத்தாழ 19. அவற்றுக்கு நேரம் பொருட்டல்ல. இரண்டு மருத்துவர்களும் அவரவர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்குச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

4. எண் இறங்கியதும் நிறுத்தினால்? இறங்கிய எண் மருந்து இருக்கும் நிலையின் எண். செல்லுக்குள் ரிடக்டேஸ் குவிந்து கிடக்கிறது. போட்டித் தடுப்பான் விலகினால் அவ்வளவும் வேலைக்கு வந்துவிடும். சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்குத் திரும்பும். மருந்தை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

5. முட்டையை விட்டும் ஏன் அசையவில்லை? பெரிய முட்டை ஒன்றில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. உணவில் கொலஸ்ட்ரால் குறைந்தால் செல்கள் ரிடக்டேஸைப் பெருக்கி ஈடுகட்டுகின்றன, கூடினால் குறைத்துக்கொள்கின்றன. இந்த ஈடுகட்டல் ஆளுக்கு ஆள் மாறும், முழுமையானதும் அல்ல. நிறைவுற்ற கொழுப்பின் விளைவு வேறு: அது கல்லீரலில் எல்.டி.எல். ஏற்பியைக் குறைத்துவிடுகிறது. எண்ணெய்ப் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். தாவர எண்ணெய் எதிலுமே சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் கிடையாது; ஆனால் அதன் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் சதவீதத்தை.

மாத்திரையை உடைக்கும் நொதிக்கும் இதே கணக்கு

அளவு, செயல்பாடு என்ற இரண்டு கணக்கும் மருந்தைச் சிதைக்கும் நொதிகளுக்கும் பொருந்தும். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டையும் குடலிலும் கல்லீரலிலும் சிதைப்பது சி.ஒய்.பி.-3ஏ4 என்ற நொதி. அதன்மேல் இரண்டு திசைகளில் தாக்கம் வரலாம்.

குறைவது: கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றில் உள்ள ஃப்யூரனோகூமரின்கள் குடலில் இருக்கும் இந்த நொதியை நிரந்தரமாகக் கெடுத்துவிடுகின்றன. சாறு வயிற்றைவிட்டுப் போன பிறகும் பலன் நீடிக்கிறது. புது நொதி உற்பத்தியாக ஓரிரு நாள்களுக்குமேல் ஆகலாம். இடையில் விழுங்கிய சிம்வாஸ்டாட்டின் உடைபடாமல் ரத்தத்தில் மிகுந்து, தசையைப் பாதிக்கும் அபாயம் கூடுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இதே நொதியைத் தடுப்பதால், அதைச் சாப்பிடும் நாள்களில் சிம்வாஸ்டாட்டின் கூடாது.

கூடுவது: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், உட்கருவில் உள்ள பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைத் தூண்டி சி.ஒய்.பி.-3ஏ4 மரபணுவை முடுக்கிவிடுகிறது. நொதியின் அளவு கூடுவதால் சிம்வாஸ்டாட்டின் பெருமளவு சிதைந்து, விழுங்கியும் விழுங்காதது போலாகிறது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இந்த மாற்றம் மறைய இரண்டு வாரம் வரை ஆகும், ஏனெனில் பெருகிய நொதி தேய்ந்து தீர வேண்டும். காசநோய் சிகிச்சையும் ஸ்டாட்டினும் ஒரே நேரத்தில் நடக்கும் வீடுகள் இந்தியாவில் குறைவல்ல. இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டையும் காட்டுவது இதனால் அவசியமாகிறது.

நொதி எந்தத் திசுவில் இருக்கிறது என்பதும் ஒரு கட்டுப்பாடு

ரிடக்டேஸ் உடலின் எல்லாத் திசுவிலும் இருக்கிறது, தசையிலும். ஸ்டாட்டின் எடுப்பவர்களில் சிலருக்குத் தசைவலி வருவதற்கு இது ஒரு பின்னணி. மிக அரிதாக உடலின் எதிர்ப்பு மண்டலம் ரிடக்டேஸையே அந்நியப் பொருளாகக் கருதித் தாக்கத் தொடங்குகிறது. அப்போது மருந்தை நிறுத்தினாலும் தசை பலவீனம் நிற்பதில்லை, தனிச் சிகிச்சை தேவை. காயம்பட்டுத் தழைக்கும் தசைச் செல்களில் ரிடக்டேஸ் மிகுந்திருப்பது அந்தத் தாக்குதலுக்குத் தீனியாகிறது.

ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக வந்த பெம்பிடோயிக் அமிலம் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதே பாதையில் ரிடக்டேஸுக்கு முன்னால் உள்ள ஏ.டி.பி. சிட்ரேட் லையேஸ் என்ற நொதியை அது தடுக்கிறது. விழுங்கும்போது மருந்து செயலற்றது. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை மாற்றியமைத்த பிறகே வேலை செய்யும். எலும்புத் தசையில் அந்த நொதி இல்லாததால் அங்கே மருந்து உயிர் பெறுவதில்லை. கல்லீரலில் மட்டும் கொலஸ்ட்ரால் தயாரிப்பு குறைய, எஸ்.ஆர்.இ.பி.பி.-2 வழக்கம்போல எழுந்து எல்.டி.எல். ஏற்பிகளைப் பெருக்குகிறது. ஸ்டாட்டின் எடுக்க முடியாத 13,970 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் இந்த மருந்தால் 13 சதவீதம் குறைந்தன.